களமா, உலர்த்தியா: தம்பலகாமத்து அரிசி ஆலையொன்றின் கிரயக் கணக்கு

புழுங்கலரிசி ஆலையில் அவித்த நெல்லைக் காயவைக்க இரண்டு வழிகள் உள்ளன. சீமெந்துக் களத்தில் பரப்பி, நாட்கூலிக்கு ஆள் வைத்துக் கிளறி வெயிலில் காயவைப்பது ஒன்று. உமியை எரித்துச் சூடாக்கிய காற்றைச் செலுத்தும் உலர்த்தியை வாங்கி நிறுத்துவது மற்றையது. தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சிறு ஆலை முதலாளிகளுக்கு இது நடைமுறைக் கேள்வி. களத்துக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்காண்டு கடினமாகி வருகிறது. இயந்திரம் விற்போர் கூலி மிச்சத்தைக் காட்டி ஆசை மூட்டுகிறார்கள். பெரும்பாலோர் கைக்கு வந்த, கையைவிட்டுப் போன காசை மட்டும் எழுதும் காசேட்டை வைத்தே முடிவெடுக்கிறார்கள். இந்த முடிவைத் தீர்மானிக்கும் இரு பெரிய செலவுகளான இயந்திரத்தின் பெறுமானத் தேய்வும் (ஆண்டுதோறும் குறையும் அதன் பெறுமதி) தொழிலாளருக்குச் சேர்ந்துவரும் பணிக்கொடையும் (விலகும்போது கொடுக்க வேண்டிய தொகை), அவை சேர்ந்துவரும் ஆண்டுகளில் காசேட்டில் தோன்றுவதில்லை.

இங்கு வரும் ஆலை ஒரு மாதிரி. தம்பலகாமம் பகுதியில் உள்ளதைப் போன்ற ஒரு சிறு ஆலையின் வேலைமுறையை வைத்து இது அமைக்கப்பட்டுள்ளது. எந்தத் தனி ஆலையின் ஏடும் எடுத்தாளப்படவில்லை. கூலி, இயந்திர விலை, ஆயுட்காலம், வட்டி ஆகியவை கணக்கை நடத்திக் காட்ட எடுத்துக்கொண்ட தொகைகள். வாசிக்கும் முதலாளி தம்முடைய தொகைகளை அந்தந்த இடத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். சட்டம், வரி, கணக்கீட்டு நியமம் பற்றிச் சொல்லப்படுபவை மட்டும் நாட்டில் நடைமுறையில் உள்ளவை.

ஆலையின் வேலை

இந்த ஆலை நாளொன்றுக்கு 10 தொன் நெல் அவிக்கிறது. ஊறவைத்து அவித்து இறக்கும்போது நெல்லின் ஈரப்பதன் 30 முதல் 35 சதவீதம் வரை இருக்கும். குற்றுவதற்கும் களஞ்சியப்படுத்துவதற்கும் அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் மணிக்குள் வெடிப்பு விழுந்து அரிசி உடையும். ஆகவே முதலில் 16, 18 சதவீதம் அளவுக்கு விரைவாகக் காயவைத்து, குவித்து மூடி ஆறவிட்டு, பின்னர் மெதுவாக 14க்குக் கொண்டுவர வேண்டும். களத்தில் பழகிய ஒரு பெண் மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தே குவிக்கும் நேரத்தைச் சொல்லிவிடுவார். அந்த அறிவுக்கு இயந்திரத்தின் விலைப்பட்டியலில் இடமில்லை. ஆலையின் இலாபமோ அதில் பெரிதும் தங்கியிருக்கிறது.

வாடைக்காற்றோடு வரும் மாரி மழையால் கார்த்திகை முதல் தை வரை களம் பெரும்பாலும் நனைந்தே கிடக்கும். ஏனைய மாதங்களில் நெல் வரத்தையும் வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 120 நாள் வேலை, அதாவது 1,200 தொன் நெல் என்று வைத்துக்கொள்வோம்.

களத்தின் கணக்கு

களத்தில் 12 பேர். நாட்கூலி 2,500 ரூபா. சட்டப்படியான குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நெல் வேலைக்குக் கொடுக்கப்படும் நாட்கூலி அந்தக் கணக்கை விட மிக மேலே நிற்கிறது. ஆள் கிடைக்காமையே அதற்குக் காரணம்.

ஒருநாள் கூலி 30,000 ரூபா. முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதியம் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 சதவீதமும் இதனுடன் சேர வேண்டும். நாட்கூலி ஆளுக்கு இவை வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அது தவறு. தற்காலிக வேலையாளும், அமயத் தொழிலாளியும், மூடைக் கணக்கில் கூலி பெறுபவரும் சேமலாப நிதியச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. ஆகவே நாட்செலவு 34,500 ரூபா. நெல் கிலோ ஒன்றுக்கு 3.45 ரூபா.

அடுத்தது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளி, ஐந்து ஆண்டு சேவை நிறைந்தவர் விலகும்போது, மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும் ஏனையோருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள் கூலியும் கொடுக்க வேண்டும். இந்த ஆலையில் அவியல், குற்றல், மூடை ஏற்றல், சாரதி என்று களத்துக்கு வெளியேயும் 15 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஆண்டுதோறும் அதே பன்னிரண்டு பேரே களத்துக்கு வருவார்களாயின் அவர்களது சேவை தொடர்ச்சியானதாகக் கொள்ளப்படுமா என்பது வேலை ஒழுங்கைப் பொறுத்தது. எனினும் பின்னர் ஒரே தொகையாகக் கொடுக்க நேர்ந்து ஆலை தடுமாறுவதை விட ஒவ்வோர் ஆண்டும் ஏற்பாடாக எழுதி வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. பத்து ஆண்டு வெயிலில் நின்றவருக்கு அது உரித்தான பணமும்கூட. 14 நாள், 2,500 ரூபா, 12 பேர்: ஆண்டுக்கு 4.20 இலட்சம்.

120 நாட்களின் கூலியும் நிதியங்களும் 41.40 இலட்சம், பணிக்கொடை ஏற்பாட்டோடு 45.60 இலட்சம். கிலோவுக்கு 3.80 ரூபா.

களத்துச் சீமெந்துத் தரையும் தேய்கிறதே, அதைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். ஆலையின் முழு அரிசிக் கிரயத்தைக் கணிக்கும்போது அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் உலர்த்தி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தத் தரை அங்கேயே கிடக்கும். அதற்குப் போட்ட பணம் திரும்பப்போவதில்லை. தேர்வு எதுவாயினும் மாறாத செலவு இந்த ஒப்பீட்டில் இடம்பெறாது.

கூலி முறையை மாற்றினால் என்ன?

ஆள் தட்டுப்பாட்டில் சில முதலாளிகள் நாட்கூலியை விட்டு மூடைக் கணக்குக்கு, அல்லது ஒருவரிடம் மொத்தமாகக் கொந்தராத்துக்கு மாறுகிறார்கள். கூலிச் செலவு குறைவது உண்மை. மூடைக்குக் கூலி பெறுபவர் வேகமாக முடிக்கவே பார்ப்பார். இடையில் குவித்து ஆறவிடும் நேரம் அவருக்கு நட்டம். விளைவு குற்றும்போது தெரியும்.

பத்துத் தொன் நெல்லில் 6,600 கிலோ அரிசி கிடைப்பதாகக் கொள்வோம். உடைவு இரண்டு சதவீதப் புள்ளி கூடினால் 132 கிலோ முழு அரிசி குறுணலாகிறது. முழு அரிசிக்கும் குறுணலுக்கும் கிலோவுக்கு 80 ரூபா விலை வித்தியாசம் என்றால் நாளொன்றுக்கு 10,560 ரூபா இழப்பு, அதாவது நெல் கிலோவுக்கு 1.06 ரூபா. நாட்கூலிச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மூடைக் கணக்கு மிச்சப்படுத்தினாலும் இந்த இரண்டு புள்ளி அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கூலி ஏட்டில் ஆதாயமாகத் தெரிவது விற்பனை ஏட்டில் நட்டமாக இறங்குகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் இல்லாதவரை முதலாளி மிச்சம் பிடித்ததாகவே நினைத்திருப்பார்.

உலர்த்தியின் கணக்கு

உலர்த்தி, உமி அடுப்பு, அத்திவாரம், பொருத்தும் செலவு எல்லாம் சேர்த்து 140 இலட்சம் ரூபா. எட்டு ஆண்டுகளின் பின் எச்சப் பெறுமதி, அதாவது விற்றால் கிடைக்கும் தொகை, 20 இலட்சம். ஆண்டுதோறும் சம அளவாகக் கழிக்கும் நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்வு 15 இலட்சம். முதலீடு சராசரியாக 80 இலட்சம். அதற்கு 12 சதவீத வட்டி 9.60 இலட்சம். சொந்தப் பணத்தில் வாங்கினாலும் இந்த வட்டியைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனெனில் அந்தப் பணம் வங்கியில் கிடந்திருந்தாலோ நெல் கொள்வனவுக்குப் பயன்பட்டிருந்தாலோ ஏதோவொரு வருமானத்தைத் தந்திருக்கும். திருத்தம் ஆண்டுக்கு 4.20 இலட்சம்.

இயக்குநர் இருவர், மாதச் சம்பளம் தலா 60,000 ரூபா. உலர்த்தி ஓடாத மாதத்திலும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆண்டுச் சம்பளம் 14.40 இலட்சம், நிதியங்கள் 2.16 இலட்சம், பணிக்கொடை ஏற்பாடு 0.60 இலட்சம்: மொத்தம் 17.16 இலட்சம்.

நிலையான கிரயம் மட்டும் 45.96 இலட்சம். விசிறிக்கும் நெல்லை மேலேற்றும் உயர்த்திக்கும் மின்சாரம் கிலோவுக்கு 60 சதம் என்றால் 1,200 தொன்னுக்கு 7.20 இலட்சம். உமி ஆலையிலேயே கிடைக்கிறது. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொன்று உமிதான். அதை வெளியே விற்று வந்த ஆலையாயின் இழந்த விற்பனையையும் இங்கே சேர்க்க வேண்டும். மொத்தம் 53.16 இலட்சம், கிலோவுக்கு 4.43 ரூபா.

ஆக 1,200 தொன்னில் உலர்த்தி களத்தை விட ஆண்டுக்கு 7.56 இலட்சம் கூடுதலாகச் செலவு வைக்கிறது. இப்போது இதே ஆலையைக் காசேட்டின் வழியே மட்டும் பாருங்கள். சொந்தப் பணத்தில் வாங்கிய முதலாளிக்குத் தேய்வும் வட்டியும் பணிக்கொடையும் தெரியாது. சம்பளமும் நிதியங்களும் திருத்தமும் மின்சாரமும் சேர்ந்த 27.96 இலட்சம் மட்டுமே தெரியும். களத்துக்குக் கொடுத்து வந்த 41.40 இலட்சத்தோடு ஒப்பிட்டு ஆண்டுக்கு 13.44 இலட்சம் மிச்சம் என்று அவர் மகிழ்வார். அந்த மிச்சத்தை வீட்டுச் செலவுக்கோ காணி வாங்கவோ எடுத்துவிடுவார். எட்டாம் ஆண்டு உலர்த்தி உட்காரும்போது புதிது வாங்கக் கையில் பணம் இராது. அவர் எடுத்தது இலாபமென்று எண்ணிய சொந்த மூலதனம்.

இரண்டும் சமமாகும் இடம் எங்கே? களத்தின் மாறும் கிரயம், அதாவது நெல்லின் அளவோடு கூடிக் குறையும் செலவு, தொன்னுக்கு 3,450 ரூபா. உலர்த்தியுடையது 600 ரூபா. நிலையான தொகைகளின் (உலர்த்திக்கு 45.96, களத்தின் பணிக்கொடை 4.20) வித்தியாசமான 41.76 இலட்சத்தை 2,850ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,465 தொன். ஆண்டுக்கு 147 நாள் வேலை. 900 தொன் மட்டுமே ஓடும் ஆலைக்கு உலர்த்தி கிலோவுக்கு 5.71 ரூபா வைக்கும், களம் 3.92 ரூபா. 2,400 தொன் ஓடும் பெரிய ஆலைக்கு உலர்த்தி 2.52 ரூபாவில் முடித்துவிடும். ஆகவே பக்கத்து ஊர்ப் பெரிய ஆலை உலர்த்தியால் முன்னேறியதைக் கண்டு சிறு ஆலையும் அதே இயந்திரத்தை வாங்குவது ஆபத்தானது. இயந்திரம் ஒன்றாக இருக்கலாம்; அதைப் பங்கிட்டுச் சுமக்கும் நெல்லின் அளவு வேறு.

தேய்வு எங்கிருந்து வருகிறது

எட்டு ஆண்டு என்ற ஆயுட்காலத்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதை நாமே மதிப்பிட வேண்டும், அந்த மதிப்பீட்டில்தான் கூலித் தெரிவும் தேய்வும் ஒன்றோடொன்று கலக்கின்றன.

தேய்வின் ஒரு பகுதி பாவனையால் வருவது. உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா; அது விசிறியின் இலைகளையும் குழாய் வளைவுகளையும் உயர்த்தியின் வாளிகளையும் மணற்தாள் போல் அரிக்கும். உமி நீக்கும் ரப்பர் உருளைகளும் குற்றிய நெல்லின் அளவுக்கே தேய்கின்றன. இத்தகைய பாகங்களை ஆண்டுக் கணக்கில் தேய்ப்பதை விட, தொன் கணக்கில் தேய்ப்பதே பொருத்தம்.

மற்றப் பகுதி காலத்தால் வருவது. தம்பலகாமக் குடாவிலிருந்து வரும் உப்புக்காற்று இரும்புத் தகட்டை, இயந்திரம் ஓடினாலும் நின்றாலும், அரித்துக்கொண்டே இருக்கும். சொல்லப்போனால் மாரியில் அணைந்து குளிர்ந்து நிற்கும் உலர்த்தியின் உட்புறம், தினமும் சூடேறி ஈரம் உலரும் உலர்த்தியை விட விரைவாகத் துருப்பிடிக்கும். பொறி, கட்டடம் போன்ற சொத்துகள் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16உம் இதையே வேறு மொழியில் சொல்கிறது: சொத்து வேலையின்றிக் கிடப்பதால் மட்டும் அதன் தேய்வு நின்றுவிடுவதில்லை, பாவனை அடிப்படையிலான முறையில் மட்டுமே உற்பத்தி இல்லாத காலத்துக்குத் தேய்வு பூச்சியமாகலாம். கூலியாளுக்கு வேலையில்லாத நாளில் கூலி இல்லை என்பதும், வேலையில்லாத நாளிலும் இயந்திரம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதும் இவ்விரு செலவுகளுக்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு.

மூன்றாவது காரணம் இயக்குபவர். அடுப்பின் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாத, நாளுக்கொருவராக மாறும் நாட்கூலி ஆளிடம் உலர்த்தியை விட்டால் தாங்கிகள் எரியும், சாம்பல் அள்ளப்படாமல் தகடு வளையும், ஆயுட்காலம் ஐந்து ஆண்டாகச் சுருங்கும். அப்போது ஆண்டுத் தேய்வு 24 இலட்சம்: ஒன்பது இலட்சம் கூடுதல். தேர்ந்த இயக்குநரால் அது பத்து ஆண்டு ஓடினால் தேய்வு 12 இலட்சத்துக்கு இறங்கும். அத்தகைய ஒருவருக்கு மாதம் 15,000 ரூபா கூட்டிக் கொடுத்தாலும் நிதியங்கள் உட்பட ஆண்டுக்கு 2.07 இலட்சந்தான் மேலதிகம். தேய்வில் மட்டும் மூன்று இலட்சம் குறைகிறது, உடைவு குறைவதால் வரும் ஆதாயம் வேறு. சம்பளத்தில் கைவைத்து மிச்சம் பிடிக்கும் முதலாளி பல வேளைகளில் அதை விடப் பெரிய தொகையை இயந்திரத்தில் இழக்கிறார். இந்தத் தொடர்பைக் கணக்கில் காட்டாத எந்தத் திட்ட அறிக்கையையும் நம்பக் கூடாது.

வரிக் கணக்கைக் கிரயமாகக் கொள்வதும் ஒரு பொதுவான தவறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் உற்பத்திக்கான பொறி இயந்திரங்களின் கிரயத்தை ஐந்து ஆண்டுகளில், கட்டடங்களின் கிரயத்தை இருபது ஆண்டுகளில், சம பங்குகளாகக் கழிக்க இடமளிக்கிறது. உலர்த்திக்கு ஆண்டுக்கு 28 இலட்சம் கழிவு கிடைக்கும். ஆறாம் ஆண்டு முதல் ஒன்றுமில்லை. அந்த ஆண்டுகளில் வரிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு உலர்த்தி இலவசமாக ஓடுவதாகத் தோன்றும். அரிசிக்கு விலை வைக்கும்போது வரி அட்டவணையை எடுக்கக் கூடாது. ஆலைக்குள் நிற்கும் இயந்திரத்தின் உண்மையான ஆயுளை எடுக்க வேண்டும்.

2022இன் பின்

2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. சில மாதங்களில் 360ஐ எட்டியது. 50,000 டொலர் விலையுள்ள இயந்திரத்தை ஒரு கோடி ரூபாவுக்கு வாங்கியவர், தேய்வை ஒழுங்காக எழுதி அத்தொகையை முழுவதும் ஒதுக்கி வைத்திருந்தாலும், மாற்றீடு வாங்க 180 இலட்சம் தேவைப்பட்டது. வரலாற்றுக் கிரயத்தில், அதாவது வாங்கிய விலையில், கணிக்கும் தேய்வு போட்ட பணத்தை மட்டுமே மீட்கும். இறக்குமதி இயந்திரத்தை மீண்டும் வாங்கும் வலுவைக் காக்காது. ஆகவே சிறு ஆலைகள் ஏட்டுத் தேய்வுக்கு மேலாக ஒரு மாற்றீட்டு ஒதுக்கத்தையும் வைத்திருக்க வேண்டும்.

மின்சாரமும் அதே காலத்தில் பாடம் தந்தது. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று மடங்கு. பின்னர் குறைப்புகள் வந்தன. எனினும் அப்படியொரு உயர்வு மீண்டும் வந்தால், நம் மாதிரி ஆலையின் 60 சதம் 1.74 ரூபாவாகி, ஆண்டுக்கு 13 இலட்சத்துக்கு மேல் கூடும். களத்துக்கு இந்த அபாயம் இல்லை. களத்தின் அபாயம் மழையும் ஆள் வரவின்மையும்.

பற்றாக்குறையை நிரப்புவது

7.56 இலட்சத்தை எப்படி நிரப்பலாம்? மாரியில் 30 நாள் கூடுதலாக ஓடினால் 1,500 தொன்னாகிச் சமப்பாட்டுப் புள்ளியைக் கடந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த 300 தொன் நெல்லைச் சிறுபோக அறுவடையிலேயே வாங்கிக் களஞ்சியப்படுத்த வேண்டும். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த விலை ‘நாடு’ எனப்படும் நெல் வகைக்குக் கிலோ 120 ரூபா. அந்த விலையில் 360 இலட்சம் ரூபா மூன்று மாதம் முடங்கும். 12 சதவீதத்தில் வட்டி மட்டும் 10.80 இலட்சம், கிலோவுக்கு 3.60 ரூபா. பெரும்போக அறுவடைக்கு முன்னர் அரிசி விலை அந்த அளவுக்கு ஏறுமென்று பந்தயம் கட்ட முடிந்தவருக்கே அது வழி.

உடைவைக் குறைப்பது இரண்டாவது வழி. உடைவு ஒரு புள்ளி குறைந்தால் நெல் கிலோவுக்கு 53 சதம் மிச்சம். உலர்த்தியின் 4.43 ரூபாவுக்கும் களத்தின் 3.80 ரூபாவுக்கும் உள்ள 63 சத வித்தியாசத்தை ஈடுசெய்ய 1.2 புள்ளி குறைய வேண்டும். நல்ல இயக்குநர் இருந்தால் நடக்கக்கூடியது, ஆனால் ஏற்கெனவே களத்தில் கைதேர்ந்தவர்கள் வேலை செய்யும் ஆலையில் அவ்வளவு குறைக்க இடமிருக்குமா என்பதை முன்னரே அளந்து பார்க்க வேண்டும். ஒரு போகம் முழுவதும் நாள்தோறும் உடைவை நிறுத்து எழுதினாலே போதும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது வழி: கூலிக்கு வெளி நெல்லை உலர்த்திக் கொடுப்பது. வெட்டு இயந்திரத்தால் அறுத்த நெல் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்தோடு களத்துக்கு வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்க அது 14 சதவீதமாக வேண்டும் என்பதால்தான் அறுவடை நாட்களில் நம் பெருந்தெருக்களின் ஓரமெங்கும் நெல் காய்கிறது. அவித்த நெல்லை விட இதில் நீக்க வேண்டிய ஈரம் குறைவு, நேரமும் குறைவு. உலர்த்தும் கூலி கிலோவுக்கு 4.50 ரூபா எனக் கொள்வோம். பகலில் ஆலையின் சொந்த நெல் ஓடுவதால் வெளி நெல்லை இரவில்தான் ஓட்ட முடியும். இரவுக்கு ஓர் இயக்குநருக்கு 4,000 ரூபா, உதவியாள் இருவருக்குத் தலா 3,000 ரூபா, நிதியங்கள் சேர்த்து 11,500 ரூபா. கிலோவுக்கு அது 1.15 ரூபா. மின்சாரத்தையும் கழித்தால் எஞ்சுவது 2.75 ரூபா. 7.56 இலட்சத்தை நிரப்ப 275 தொன் தேவை: இரவுக்குப் பத்துத் தொன்னாக 28 இரவுகள், பெரும்போகத்தில் பதினான்கும் சிறுபோகத்தில் பதினான்கும். நெல் விவசாயியுடையது; ஆலையின் பணம் எதுவும் முடங்காது.

விவசாயியிடம் ஒன்றை முன்கூட்டியே விளக்க வேண்டும். 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ கொடுத்தவர் 14 சதவீதத்தில் 930 கிலோவையே திரும்பப் பெறுவார். போன 70 கிலோ நீர். ஈரமானியால் அவர் முன்னிலையில் அளந்து, வரும்போதும் போகும்போதும் எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டாம் போகத்துக்கு அவர் வரமாட்டார்.

களத்துப் பன்னிரண்டு பேரையும் இந்தக் கணக்குக்குள் வைத்தே முடிவெடுக்க வேண்டும். இரவு முறைக்கும் உலர்த்திக்கு நெல் ஏற்றி இறக்கவும் தேவைப்படும் கைகளை அவர்களிடையே இருந்தே எடுப்பது நல்லது, ஏனெனில் மணியின் பதம் தெரிந்தவர்கள் அவர்கள். விலக நேர்பவர்களுக்குரிய பணிக்கொடை உலர்த்தி வாங்கும் ஆண்டிலேயே காசாக வெளியேறும். ஐந்து ஆண்டு சேவையுள்ள எட்டுப் பேர் விலகினால் 14 இலட்சம். அதை 140 இலட்சத்தோடு சேர்த்தே கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் வேலை செய்பவர்களைப் பொறுத்தவரை 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டத்தின் கீழ் அவர்களது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவைப்படுமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆலைக்கு என் பரிந்துரை: வரும் பெரும்போகத்துக்கு முன்னர் உலர்த்திக்கு முற்பணம் கட்ட வேண்டாம். அந்தப் போகத்தில் களத்தின் உடைவை எழுதி, சுற்றியுள்ள விவசாயிகளிடம் 140 தொன்னுக்கு உலர்த்தும் உடன்பாடு பெற்று, பொய்லரில் வேலை செய்பவர்களில் ஒருவரையாவது உலர்த்தி ஓடும் வேறோர் ஆலைக்கு அனுப்பிப் பழக்க வேண்டும். மூன்றும் கைகூடினால் சிறுபோகத்துக்கு முன் வாங்கலாம்.